கொழுந்தின் துவர்ப்பும் மூலக்கூற்று நிறுவையும்

இலக்கிய மாணவன் இரசாயனம் பேசப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். மலையகத்தின் பாடலையும் சிறுகதையையும் ஆராய்பவன், அவற்றுக்கு அடித்தளமான கொழுந்தினுள் என்ன உள்ளது என்பதை அறியாதிருத்தல் தகாது என்பதே எமது சமாதானம்.

பெண்கள் கிள்ளும் இரண்டு இலையும் ஒரு மொட்டும் உலர்நிலையில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு பல்பீனோல்களைக் கொண்டவை. இவற்றுள் முதன்மையானவை கற்றெக்கின்கள். உமிழ்நீரிலுள்ள புரதங்களுடன் இவை பிணைவதனாலேயே நாக்கில் துவர்ப்பு உண்டாகிறது. தொழிற்சாலையில் கொழுந்து அரைபட்டதும் நொதியங்கள் இவற்றை ஒட்சியேற்றித் தியாபிளேவின் முதலியனவாக மாற்றுகின்றன. சாயத்தண்ணீரின் செந்நிறம் அவ்வாறு பிறப்பதே. தலவாக்கலை சென்ற் கூம்ஸ் தோட்டத்தில் அமைந்துள்ள, 1925இல் தோற்றுவிக்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் இரசாயனவியலாளர்கள் ஆராய்ந்துவந்த விடயங்களுள் இம்மாற்றமும் ஒன்று.

கற்றெக்கின்களை மருந்திலும் பானத்திலும் சேர்க்க விரும்புவோர்க்கு இரு இடர்கள் உள. ஒன்று துவர்ப்பு, மற்றது அவை விரைவிற் சிதைதல். இவற்றுக்குப் பரிகாரமாக வந்ததே சைக்கிளோடெக்ஸ்திரின். 1891இல் வில்லியே என்னும் பிரெஞ்சு அறிஞர் மாப்பொருளிலிருந்து இதனை முதலிற் பெற்றார். ஆறு, ஏழு அல்லது எட்டு குளுக்கோசு அலகுகள் வளையமாய் இணைந்து, அடிநீங்கிய கூம்பு போன்ற உருவைப் பெறுகின்றன. புறம் நீரை விரும்பும். அகம் நீரை வெறுக்கும். எனவே நீர்வெறுப்புப் பகுதி கொண்ட மூலக்கூறு உட்குழிவினுட் புகுந்து தங்குகிறது. அங்கு புதிய இரசாயனப் பிணைப்பு ஏதும் தோன்றுவதில்லை. இதனை உள்ளடக்கச் சிக்கற்சேர்வை எனலாம்.

உட்புகுந்ததை எவ்வாறு அறிவது? திணிவு நிறமாலைமானி கொண்டு நிறுத்துப் பார்க்கலாம். கரைசலை மின்னேற்றிய நுண்துளிகளாகத் தெளித்தால், நீர் ஆவியாக, மூலக்கூறுகள் உடையாமல் அயன்களாக எஞ்சும். இம்முறையை வளர்த்தமைக்காக ஜோன் பென் 2002இல் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். ஏழு அலகுடைய பீற்றா வகையின் திணிவு 1134. பச்சைத் தேயிலையின் முதன்மைக் கற்றெக்கினாகிய எபிகலோகற்றெக்கின் கலேற்றின் திணிவு 458. ஒன்றோடொன்று சேர்ந்தால் 1592. ஒரு புரோத்தன் நீங்கிய மறையயனாக 1591இல் முகடொன்று தோன்றுமாயின், இரண்டும் இணைந்துள்ளன என்பது உறுதி.

இணைந்துள்ளன என்பது வேறு, உள்ளே புகுந்துள்ளன என்பது வேறு. புறச்சுவரில் வெறுமனே ஒட்டியிருந்தாலும் எண் ஒன்றுதான். 1995இல் கனிஃப், வூரோஸ் ஆகிய இருவர் இத்தகைய பொய்ச் சான்றுகளை எச்சரித்து எழுதினர். நீரற்ற வெற்றிடத்தில் நீர்வெறுப்பு விசைக்கு இடமில்லை. ஐதரசன் பிணைப்பே மேலோங்கும். ஆகவே, வளையமாகாத ஏழு குளுக்கோசுத் தொடரொன்றையும் (திணிவு 1152) ஒப்புநோக்குக்காகச் சோதிக்க வேண்டும். குழிவற்ற அத்தொடரும் அதே அளவு முகட்டைத் தருமாயின், முந்திய முகட்டைக் கொண்டு உட்புகுந்தமையை நிறுவ இயலாது. மேலும், கற்றெக்கினும் எபிகற்றெக்கினும் இரண்டுமே 290. நிறுவை மட்டும் அவற்றைப் பிரித்தறியாது. அதற்குக் கருக்காந்தப் பரிவு முதலிய பிற முறைகளின் துணை தேவை.

நிறுவை பற்றிப் பேசும்போது மலையில் நிகழும் மற்றொரு நிறுவை நினைவுக்கு வராமற் போகாது. அங்கே கூடைக்கும் ஈரத்துக்கும் எனக் கிலோக்கள் கழிக்கப்படுகின்றன. குறித்த அளவு நிறையாவிடில் அரைப்பேர். ஆய்வுகூடத்தில் ஓர் ஐதரசனின் திணிவு தவறினாலும் ஆய்வாளர் காரணம் காட்டவேண்டும். மலையில் அக்கழிவுக்குக் காரணம் கேட்பவரே காரணம் காட்ட நேர்கிறது. நீண்ட போராட்டத்தின் பின் 2021இலேயே நாட்சம்பளம் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அதே இலையின் சாறு வேறு நாடுகளிற் குளிகையாகி, கிராம் கணக்கில் விலை பெறுகிறது. இவ்விரு விலைகளுக்கும் இடையிலுள்ள தூரத்தில் இரசாயனவியலாளனின் உழைப்பும் உண்டு என்பதை மறுக்கவில்லை. கொழுந்தெடுத்தவளின் உழைப்பு எந்த இடத்திற் கணக்கிலிருந்து விழுந்தது என்பதே எமது வினா.

லயத்துப் பிள்ளைகள் உயர்தரத்தில் இரசாயனத்தைத் தமிழிற் கற்கின்றனர். தம் தாயர் கைகளிற் படியும் அக்கறைக்கு மூலமான முதன்மைக் கற்றெக்கினின் திணிவு 458 என்பதை அவர்களுக்குச் சொல்லும் பாடம் ஒன்று எழுதப்படவேண்டும்.