போர் தண்ணியும் ஃபைட்டர் மீனும்

எங்க வீட்டில் செத்த முதல் ரெண்டு ஃபைட்டர் மீனுக்கும் எல்லாரும் ஒரே காரணத்தைத்தான் சொன்னாங்க: "தர்மபுரி தண்ணி சார், மீனுக்கு ஆகாது." கடைக்காரர் சொன்னார், பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னார், நானும் நம்பினேன். பென்னாகரம் பக்கம் போர் தண்ணியைக் குண்டானில் காய்ச்சினால் அடியில் வெள்ளையா படியும். நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு, பிள்ளைங்க பல்லில் பழுப்புக் கறை. இதுக்காகவே ஜப்பான் கடனுதவியில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போட்டு 2013ல் திறந்தாங்க. மனுஷனுக்கே சரிவராத தண்ணி, மீனுக்கு எப்படி ஆகும்?

அப்புறம் ஒரு டி.டி.எஸ். மீட்டர், பி.எச். சொட்டு மருந்து, அம்மோனியா பார்க்கிற கிட் மூணும் வாங்கி, ஒரு நோட்டுப் போட்டு எழுத ஆரம்பிச்சேன். அதில் தெரிஞ்சது: தண்ணி மேல் போட்ட பழி பாதிதான் சரி. மீதிப் பாதி என் மேல்.

முதலில் மீனைப் பற்றிக் கொஞ்சம். கடையில் ஃபைட்டர் என்று விற்கப்படுவது பீட்டா ஸ்ப்ளெண்டென்ஸ். தாய்லாந்துப் பக்கத்து நெல் வயல், சதுப்பு, ஆழமில்லாத வெதுவெதுப்பான நீர் இதெல்லாம் அதன் சொந்த ஊர். 1910ல் ரீகன் என்ற மீனியல் அறிஞர் வைத்த பெயர் இது. 2019ல் தாய்லாந்து அரசு இதைத் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பான ஒரு தனி உறுப்பு இருக்கிறது. மேலே வந்து வாயால் காற்றைக் கவ்வி, அந்த அறையில் வைத்து நேரடியாக மூச்சு விடும். நம்ம ஊர் பனையேறிக் கெண்டைக்கும் இதே ஏற்பாடுதான். ஃபைட்டருக்கு இன்னும் நெருங்கிய சொந்தம் ஒன்று நம் கடலோர ஓடைகளில் இருக்கு: சூடோஸ்ப்ரோமெனஸ் கூப்பானஸ். அந்தக் 'கூப்பானஸ்' புதுச்சேரியின் அரியாங்குப்பம் ஆற்றின் பெயரிலிருந்து போனது.

இந்த மூச்சு வசதிதான் ஃபைட்டருக்கு வினையாகப் போச்சு. காற்றுக் குழாய் இல்லாமலே உயிரோட இருக்கும் என்பதால் அதைப் பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து விற்கிறார்கள். நாமும் ஹார்லிக்ஸ் பாட்டிலில் வைக்கலாம் என்று நினைக்கிறோம். ஆக்சிஜன் பற்றாக்குறையிலிருந்து அந்த உறுப்பு காப்பாற்றும். அம்மோனியாவிலிருந்து காப்பாற்றாது.

என் முதல் மீன் மூணு லிட்டர் கண்ணாடிக் கிண்ணத்தில், சுத்தமான போர் தண்ணியில் இருந்தது. பதினோரு நாள். மீன் தின்னும் புரதத்தில் உள்ள நைட்ரஜன் பெரும்பாலும் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியேறும். தண்ணீரில் அது ரெண்டு வடிவத்தில் இருக்கும். ஒன்று அம்மோனியம், அவ்வளவாகத் தீங்கில்லை. இன்னொன்று மின்னேற்றம் இல்லாத அம்மோனியா, செவுளுக்குள் சுலபமாகப் புகும் நஞ்சு. எது எவ்வளவு என்பதைப் பி.எச்சும் சூடும் தீர்மானிக்கின்றன. 25 டிகிரி நீரில் பி.எச். 7 என்றால், மொத்தத்தில் நஞ்சு வடிவம் அரை சதவீதம் சொச்சம்தான். பி.எச். 8 என்றால் 5 சதவீதத்தைத் தாண்டிவிடும். கிட்டத்தட்ட பத்து மடங்கு. எங்க போர் தண்ணியின் பி.எச். 8.1. அதாவது அதே அழுக்கு, அதே கிண்ணம், மென்னீர் உள்ள ஊரில் இருந்திருந்தால் மீன் இன்னும் கொஞ்ச நாள் தாங்கியிருக்கும். ஃப்ளோரைடு நம்ம பல்லையும் எலும்பையும் வருஷக்கணக்கில் தின்கிற சாமான். பதினோரு நாளில் ஒரு மீனைக் கொல்கிற வேகம் அதுக்கு இல்லை.

ரெண்டாவது மீன் கதை இன்னும் மோசம், ஏன்னா அதில் நான் புத்திசாலித்தனம் காட்டினேன். "போர் தண்ணி வேண்டாம், ஆர்.ஓ. கேன் தண்ணி ஊத்துங்க"ன்னு ஆலோசனை வந்தது. ஊத்தினேன். அஞ்சு வாரம் நல்லா இருந்தது. ஆர்.ஓ. தண்ணீரில் கார்பனேட் ஏறக்குறைய இல்லை. அமிலத்தைத் தாங்கிப் பிடிக்க ஆள் கிடையாது. கழிவு சேரச் சேரப் பி.எச். இறங்கியது. இறங்கியதால் சேர்ந்த அம்மோனியா எல்லாம் அம்மோனியம் வடிவத்தில் சாதுவாக உட்கார்ந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கேன் தீர்ந்துபோச்சு. பாதித் தண்ணியை எடுத்துவிட்டுப் போர் தண்ணியை ஊற்றினேன். பி.எச். ஒரே தூக்காகத் தூக்கியது, சாதுவாக இருந்ததில் ஒரு பகுதி நஞ்சாக மாறியது. மறுநாள் காலையில் மீன் மேலே மிதந்தது. அப்போ என்கிட்ட கிட் கிடையாது. பின்னாடி மீனே இல்லாத வாளியில், துளி துளியாகத் தீவனம் போட்டு இதையே செய்து பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். போர் தண்ணி மேல்தான் மறுபடியும் பழி விழுந்தது என்று சொல்லவே வேண்டாம்.

இதன் மறுபக்கம்தான் எனக்கு வியப்பாக இருந்தது. அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. நைட்ரேட் ஒப்பீட்டளவில் சாது. இந்தப் பாக்டீரியாக்களுக்குக் காரத்தன்மையுள்ள நீர்தான் பிடிக்கும். வேலை செய்யச் செய்யக் கார்பனேட்டைச் செலவழித்துக்கொண்டே போகும். அந்தச் செலவுக்கு நம்ம போர் தண்ணியில் தாராளமாகச் சரக்கு இருக்கு. ஆக, பாக்டீரியா இல்லாத தொட்டியில் நம் தண்ணி கொல்லும், பாக்டீரியா குடியேறிய தொட்டியில் அதே தண்ணி உதவும். மீனை எப்போ விடுகிறோம் என்பதுதான் கேள்வி.

மூணாவது தடவை தொட்டியை முதலில் வச்சேன், மீனை அஞ்சு வாரம் கழிச்சு.

தொட்டி 18 இன்ச் நீளம், 12 அகலம், 12 உயரம். கண்ணாடிக் கடையில் வெட்டி ஒட்டிக் கொடுத்தாங்க. பூஞ்சை எதிர்ப்பு மருந்து கலந்த பாத்ரூம் சிலிகான் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிடுங்க. மண் போட்டு நிரப்பினால் அம்பது கிலோ வரும், டி.வி. ஸ்டாண்டை நம்பாதீங்க.

அடியில் ஒரு இன்ச் செம்மண். இதைக் கேட்டு நிறையப் பேர் முகம் சுளிப்பாங்க. டயானா வால்ஸ்டட் என்ற அமெரிக்கப் பெண்மணி 1999ல் வெளியிட்ட நூலில் விளக்கிய முறை இது: சாதாரண மண்ணே செடிக்குச் சோறு, விலை கூடிய உரமோ கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரோ தேவையில்லை. நம்ம செம்மண்ணில் இரும்புக்குக் குறைவில்லை. ஆனால் உரம் போட்ட வயல் மண்ணும், எரு கலந்த தொட்டி மண்ணும் கூடவே கூடாது, அம்மோனியா கொட்டும். நான் எடுத்தது தரிசு மேட்டிலிருந்து. சலித்து, வேர் பொறுக்கி, ரெண்டு நாள் ஊறவைத்தேன். அதன் மேல் ஒரு இன்ச் கழுவிய கரட்டு மணல். எம்-சாண்ட் ஒரு தடவை போட்டுப் பார்த்தேன், எத்தனை தடவை கழுவினாலும் தூள் அடங்கலை. எந்த மணலானாலும் ஒரு பிடியில் எலுமிச்சம் சாறு விடுங்க. நுரைச்சால் சுண்ணாம்பு இருக்கு. நம்ம தண்ணியில் ஏற்கெனவே இருப்பது போதும்.

செடியில் எனக்கு நன்றாக வந்தது வாலிஸ்னேரியா, நாடா மாதிரி நீளமாக வளருமே, அது. கடின நீரை விரும்பும் செடி. 1850ல் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர், மீனும் செடியும் நத்தையும் ஒன்றையொன்று காப்பாற்றும் என்று காட்டிய சோதனையிலும் இதே இனச் செடிதான். கூடவே ஜாவா ஃபெர்ன், ஜாவா பாசி, அனுபியாஸ். அனுபியாஸின் கிழங்கை மண்ணில் புதைத்தால் அழுகிப்போகும், கல்லில் நூலால் கட்டணும். முதல் மாசத்துக்கு வேலம்பாசி ஒரு கைப்பிடி. சீக்கிரம் வளர்கிற செடி அம்மோனியத்தை நேரடியாக உறிஞ்சும், பாக்டீரியா குடியேறும் வரை அதுதான் காவல். ஏரியிலிருந்து எடுப்பதாக இருந்தால் ஒரு வாரம் தனி வாளியில் வைங்க. எனக்கு அட்டையும் ஒரு தட்டான் புழுவும் வந்தன. தட்டான் புழு மீனையே பிடித்துத் தின்னும். தொட்டியில் மிஞ்சிய செடியைத் திரும்ப ஏரியில் கொட்டாதீங்க, வெயிலில் காயவிட்டுக் குப்பையில் போடுங்க.

தண்ணி: போர் பாதி, ஆர்.ஓ. பாதி. எங்க போர் மீட்டரில் 1,150 காட்டும், ஆர்.ஓ. 60, கலந்தால் 600 பக்கம். ஒகேனக்கல் தண்ணி வருகிற வீட்டில் இந்தக் கலப்பே வேண்டாம். குளோரின் போக வாளியில் ஒரு நாள் திறந்து வச்சால் போதும். ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரை மெதுவாக ஓடவிட்டேன், வேகமான ஓட்டத்தில் ஃபைட்டரின் நீளத் துடுப்பு தவிக்கும். விளக்கு தினம் ஏழு மணி நேரம். கரண்ட் போனாலும் கவலையில்லை, காற்றுக்காகத் தவிக்கிற மீன் இல்லையே இது.

பிறகு, மீனே இல்லாத தொட்டியில் தினம் ஒரு சிட்டிகை தீவனம். அக்கா பையன், "மாமா, யாருக்கு சோறு போடற?"ன்னு கேட்டான். பாக்டீரியாவுக்குன்னு சொன்னா சிரிக்கிறான். அம்மோனியா ஏறி இறங்கியது, அப்புறம் நைட்ரைட் ஏறி இறங்கியது. அஞ்சாவது வாரம் தீவனம் போட்ட மறுநாளும் ரெண்டும் பூஜ்யம். அன்னைக்குத்தான் கடைக்குப் போனேன். கவரோடு மிதக்கவிட்டு, ஒரு மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணியைக் கவரில் கலந்து, பிறகு மீனை மட்டும் விட்டேன்.

பாதாம் மர இலை போட்டால் பி.எச். இறங்கும் என்பார்கள். நம்ம ஊர் பள்ளிக்கூடத்துக்குப் பள்ளிக்கூடம் அந்த மரம் இருக்கு, காய்ந்த இலையைப் பொறுக்கிப் போட்டேன். தண்ணி டீ நிறமாகியது, மீன் நிழலில் ஒதுங்கிக்கொண்டது, பி.எச். மட்டும் அசையவில்லை. இவ்வளவு கார்பனேட்டுக்கு முன்னால் ஒரு இலை என்ன செய்யும்? ஒதுங்க இடம் என்ற அளவில் நல்லது. பி.எச்சை இறக்க எலுமிச்சை, வினிகர் என்று இறங்காதீங்க, நிலையான 8ஐ விட ஏறி இறங்குகிற 7 ஆபத்து.

மார்கழி, தை இரவுகளில் மட்டும் சின்ன ஹீட்டர் போடுகிறேன். மூடி வருஷம் முழுக்க வேணும். ஃபைட்டர் துள்ளும், அதோடு மேலே கவ்வுகிற காற்று குளிராக இருக்கக்கூடாது. நீருக்கும் மூடிக்கும் நடுவில் ரெண்டு விரல் இடைவெளி.

மூடிக்கு இன்னொரு வேலையும் இருக்கு, இங்கேதான் பலர் தவறவிடுகிறார்கள். சித்திரை வெயிலில் திறந்த தொட்டியில் எனக்கு நாளுக்கு அரை லிட்டர் வரை ஆவியானது. ஆவியாவது தண்ணி மட்டும், உப்பு அங்கேயே நிற்கும். குறைந்ததைப் போர் தண்ணியால் நிரப்பினால் முப்பது நாளில் பதினஞ்சு லிட்டர் தண்ணியின் உப்பு கூடுதலாகச் சேரும். முப்பது லிட்டர் தொட்டியில் 600 இருந்தது 1,200ஐத் தொட்டுவிடும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அதனால் ஆவியானதை ஈடுகட்ட ஆர்.ஓ. அல்லது மழைத் தண்ணி மட்டும். வாரம் ஒரு வாளி மாற்றும்போது மட்டும் கலந்த தண்ணி. குழப்பம் வராமலிருக்க, கண்ணாடியின் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டிருக்கேன். நான் ஊருக்குப் போனால் அக்கா பையன் அந்தக் கோடு வரைக்கும் கேன் தண்ணி ஊற்றுவான், கொசுப்புழு நாலு போடுவான். மீனுக்கு இப்போ பதினாலு மாசம்.