லீவு நாளில் கேஷுவாலிட்டி நிரம்பி வழிவது ஏன்?

ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது அய்யனார் கோவில். ஆற்றில் தண்ணீர் ஓடும் காலத்தில் ஒருநாள் லீவு விட்டால் போதும், சாப்பாடு கட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாகக் குளிக்கக் கிளம்பிவிடுவார்கள். பாசி பிடித்த பாறையில் கால் வழுக்கினால் மணிக்கட்டு முறியும், மண்டை உடையும். மலைமேல் மழை பெய்தால், அடிவாரத்தில் வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். அக்கரையில் சிக்கியவர்களைத் தீயணைப்பு வீரர்கள் கயிறு கட்டி மீட்டதும் உண்டு.

தலையில் பலத்த அடி என்றால் மதுரை பெரிய ஆஸ்பத்திரி வரை போக வேண்டியிருக்கும். சீசன் நேரத்தில் குற்றாலம் போகும் வண்டிகள் அடைத்து நிற்பதும் அதே சாலைதான்.

ஆனால், கூட்டத்துக்கு விபத்து மட்டும் காரணமில்லை. அரசு விடுமுறையன்று ஓ.பி. சுருங்கிவிடும், தெருமுனை கிளினிக்குகள் பலவும் பூட்டியிருக்கும். 24 மணி நேரமும் திறந்திருப்பது கேஷுவாலிட்டி ஒன்றுதான். அதனால் குழந்தைக்குக் காய்ச்சல், புண்ணுக்குக் கட்டு மாற்றுவது, தீர்ந்துபோன சுகர் மாத்திரை என எல்லாமே அங்கே வந்து நிற்கின்றன. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கு மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. கூட்டத்தில் மயங்கி விழுபவரும் காய்ச்சல்காரரும் ஒரே டூட்டி டாக்டரைத்தான் தேடுவார்கள்.

வார்டிலும் அன்று வேலை மெதுவாகத்தான் நடக்கும். பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வராவிட்டால் டிஸ்சார்ஜ் தள்ளிப்போகும்; படுக்கை காலியாகாது. புதிதாகச் சேர்ந்தவர் ஸ்ட்ரெச்சரிலேயே கிடப்பார். வரிசையில் நிற்பவர்கள் கோபப்படுவது நர்ஸிடம். அது நியாயமே இல்லை. உயிருக்கு ஆபத்தானவர் சிவப்பு, அடுத்தது மஞ்சள், காத்திருக்கக்கூடியவர் பச்சை என்று பிரித்துத்தான் பார்க்கிறார்கள். முதலில் வந்தவருக்கு முதலில் என்பது அங்கே பொருந்தாது.

இன்னொரு கூட்டம் லீவு முடிந்த மறுநாள் வரும். "பண்டிகை முடியட்டும்" என்று நெஞ்சுவலியைப் பொறுத்துக்கொண்டவர்கள் இவர்கள். எனக்கு அதிகம் கவலை தருவது இந்தக் கூட்டம்தான். பண்டிகைக்கும் மாரடைப்புக்கும் தொடர்பு உண்டு. ஸ்வீடனில் 1998 முதல் 2013 வரையிலான மாரடைப்புகளை ஆராய்ந்தபோது, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளில் ஆபத்து 37 சதவீதம் கூடியிருந்தது.

ஆகவே, சுகர், பிரஷர் மாத்திரைகளை லீவுக்கு முன்பே வாங்கி வைத்துவிடுங்கள். கட்டு மாற்றுவது ஒருநாள் தள்ளலாமா என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நாய்க்கடி ஊசியை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. சீட்டில் எழுதிய தேதி தீபாவளியாகவே இருந்தாலும் போய்ப் போட்டுக்கொள்ள வேண்டும். நெஞ்சுவலி, வாய் கோணுதல், பாம்புக்கடிக்கு உடனே 108.