சிரமத்தை வகுத்துக் கொடுப்பவர்கள்

குழுவாகச் செய்யும் தேகப்பயிற்சி வகுப்பு ஒன்றில் சேர்ந்ததும், 'செலஸ்ட்' என்ற வீடியோ விளையாட்டை அதன் சிகரம் வரை ஆடி முடித்ததும் ஒரே பருவத்தில் எனக்கு வாய்த்த இரண்டு அனுபவங்கள். முன்னது, வியர்வையும் பாட்டின் முழக்கமும் நிறைந்த ஒரு கூடத்தில், ஒருவர் பெயரை ஒருவர் அறியாத பலர் நடுவே நிகழ்வது. பின்னது, வீட்டார் உறங்கிய பிறகு திரைக்கு எதிரே தனித்திருந்து நிகழ்த்துவது. ஒன்றில் சரீரம் முழுவதும் உழைக்கிறது. மற்றொன்றில் இரண்டு கட்டைவிரல்களும் கவனமும் உழைக்கின்றன. எல்லா வகையிலும் எதிரெதிராகத் தோன்றும் இவ்விரண்டையும் அடுத்தடுத்துப் பழகி வந்தபோது, இரண்டின் அடியிலும் ஒரே தத்துவம் ஓடுகிறது என்ற எண்ணம் எனக்கு நாளுக்கு நாள் உறுதிப்பட்டது. நம்மால் ஆகாது என்று முன்கூட்டியே நாம் ஒதுக்கிவைத்துவிட்ட சிரமத்தை, நம்மைக் கண்டறியாமலே நம்மீது பரிவு கொண்ட யாரோ ஒருவர், தாங்கக்கூடிய சிறு பங்குகளாக வகுத்து, ஒன்றன்பின் ஒன்றாக நம் கையில் கொடுக்கிறார் என்பதே அது. அவ்வாறு வகுத்துக் கொடுப்பதும் ஒரு கலை. அதற்குரிய மரியாதையை நாம் இன்னும் அளிக்கவில்லை.

வானொலியும் கண்ணாடியும்

பலர் ஒன்றுகூடித் தேகப்பயிற்சி செய்வது நேற்றுத் தோன்றிய நாகரிகம் என்று கருதுவோர் ஜப்பானைப் பார்க்க வேண்டும். 1928-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதியன்று, புதிய சக்கரவர்த்தியின் முடிசூட்டு விழாவின் ஞாபகார்த்தமாக, அந்நாட்டில் வானொலி மூலம் ஒரு தேகப்பயிற்சித் திட்டம் ஆரம்பமாயிற்று. அமெரிக்காவில் ஓர் ஆயுள் இன்ஷூரன்ஸ் கம்பெனி நடத்திவந்த வானொலிப் பயிற்சியைக் கண்டு, ஜப்பானியத் தபால் இலாகாவின் இன்ஷூரன்ஸ் பகுதியினர் எடுத்துவந்த யோசனை அது. உலக யுத்தத்துக்குப் பின் சில காலம் நின்றுபோய், 1951-இல் புதிய அமைப்போடு மறுபிறவி எடுத்த அப்பயிற்சி இன்றளவும் காலை 6.30 மணிக்கு ஒலிபரப்பாகிறது. 13 அசைவுகள், ஏறத்தாழ மூன்று நிமிஷங்கள், அவ்வளவுதான் முதற்பயிற்சி. கோடை விடுமுறையில் குழந்தைகள் பூங்காக்களில் கூடி, பெரியவர்களோடு கைகால்களை அசைத்துவிட்டு, தங்கள் வருகை அட்டையில் முத்திரை பதிப்பித்துக்கொண்டு வீடு திரும்புவது அங்கே தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். மூன்று நிமிஷம் என்று வரையறுத்தவர் மனித சுபாவத்தை நன்கு அறிந்தவராகத்தான் இருக்க வேண்டும். மூன்று நிமிஷத்தை மறுக்க எந்தச் சோம்பேறிக்கும் காரணம் கிடைப்பது அரிது.

அமெரிக்க விமானப்படை வைத்தியரான கென்னத் கூப்பர், இருதயத்துக்கும் சுவாசத்துக்கும் வேலை கொடுக்கும் பயிற்சியின் அவசியத்தை விளக்கி 'ஏரோபிக்ஸ்' என்ற நூலை 1968-இல் வெளியிட்டார். அதற்கு அடுத்த ஆண்டு, சிகாகோ நகரை ஒட்டிய எவன்ஸ்டனில் ஜாஸ் நடனம் கற்பித்துவந்த ஜூடி ஷெப்பர்ட் மிஸ்ஸெட் என்ற ஆசிரியை, தம்மிடம் சேரும் பெண்களில் பலர் சில வாரங்களிலேயே நின்றுவிடுவதைக் கவனித்தார். அவர்கள் மேடையேறி ஆடும் உத்தேசத்தோடு வந்தவர்கள் அல்லர். இல்லறத்தின் இடையே சிறிது நேரம் கிடைக்க, உடல் சற்றே இளக வேண்டும், மனம் மலர வேண்டும் என்று வந்தவர்கள். வகுப்பறைச் சுவரை மறைத்து நின்ற பெரிய கண்ணாடியோ, அவர்கள் செய்யும் ஒவ்வொரு பிழையையும் அவர்களுக்கே காட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஆகவே அந்த அம்மையார், மாணவியரைக் கண்ணாடிக்கு முதுகு காட்டித் தம்மை நோக்கி நிற்கச் சொல்லி, தாமே அவர்களுடைய கண்ணாடியாக நின்று ஆடிக் காட்டலானார். பின்னாளில் 'ஜாஸர்சைஸ்' என்ற பெயரில் பல தேசங்களுக்குப் பரவிய இயக்கம் அந்தச் சிறு மாற்றத்திலிருந்து முளைத்தது. அந்தப் பெண்களின் அவயவங்களில் புதிதாக எந்தப் பலமும் வந்து சேரவில்லை. சங்கோசம் ஒன்று விலகிற்று, அது போதுமானதாக இருந்தது.

நியூஸிலாந்தில் இக்கலை மற்றொரு படி ஏறியது. குண்டெறிதலிலும் தட்டெறிதலிலும் ஒலிம்பிக் பந்தயங்களுக்குச் சென்ற லெஸ் மில்ஸ், 1968-இல் ஆக்லாந்தில் ஓர் உடற்பயிற்சிக் கூடம் திறந்தார். அவர் புதல்வர் பிலிப் மில்ஸ், 1990-களின் தொடக்கத்தில், பளு தூக்கும் பயிற்சியை இசையோடு இணைத்து 'பாடி பம்ப்' என்ற வகுப்பை உருவாக்கினார். ஒரு மணி நேரத்தைச் சுமார் பத்துப் பாட்டுகளாகப் பிரித்து, ஒரு பாட்டுக்குத் தொடை, ஒரு பாட்டுக்கு மார்பு, ஒரு பாட்டுக்கு முதுகு என்று பங்கிட்டு, குறைந்த எடையை அதிகத் தடவைகள் தூக்கவைப்பது அதன் முறை. வகுப்பு முடிவதற்குள் ஒருவர் 800 தடவைகள் வரையில்கூட எடையைத் தூக்கி இறக்கிவிடுகிறார். முன்னதாகவே அந்த எண்ணைச் சொல்லி அழைத்திருந்தால் பாதிப்பேர் வாசலோடு திரும்பியிருப்பார்கள். 'இந்தப் பாட்டு முடியும் வரை' என்று சொல்லி அழைப்பதால் எல்லாரும் நிற்கிறார்கள்.

கூட்டம் கொடுக்கும் கடன்

எங்கள் பேட்டையில் நான் சேர்ந்த வகுப்பும் இந்தப் பரம்பரையில் வந்ததே. பயிற்சியாளரை வயது வித்தியாசமின்றி எல்லாரும் 'மாஸ்டர்' என்று அழைக்கிறார்கள். அவர் ஒருமுறைகூட, இன்று செய்ய வேண்டியது இவ்வளவு என்று முழுக் கணக்கைச் சொல்வதில்லை. வார்ம்-அப் முடிந்து, ஸ்குவாட் என்னும் உட்கார்ந்தெழும் பயிற்சி நடக்கையில், தொடைகள் எரியத் தொடங்கும் தருணத்தைச் சரியாக அறிந்து, "இன்னும் எட்டே எட்டு!" என்கிறார், எட்டு முடிந்ததும் மூச்சு விட இடம் கொடுக்கிறார். முட்டி வலி உள்ளவர்களுக்குச் சற்றே தணிந்த முறையைச் சொல்லும்போதுகூட, யாருக்காகச் சொல்கிறார் என்பது வெளியே தெரியாதபடி எல்லாரையும் பார்த்துப் பொதுவாகச் சொல்லிவிடுகிறார். முன் வரிசையில் கல்லூரிப் பெண்களும், நடுவே ஆபீஸ் முடிந்து வந்தவர்களும், கடைசி வரிசையில் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர்களுமாக நின்று, ஒரே தாளத்துக்குக் கை உயர்த்தும் அந்தக் கூட்டத்தில், தனியே என்றால் நான் என்றோ விட்டுவிட்டிருக்கும் அசைவுகளை முடிவு வரை செய்துவிடுகிறேன்.

இந்த விந்தைக்கு விஞ்ஞானிகளும் காரணம் தேடியிருக்கிறார்கள். ஜெர்மானிய மனோதத்துவ அறிஞர் ஓட்டோ கோலர், 1920-களில் பெர்லின் நகரப் படகோட்டிகளைக் கொண்டு ஒரு பரிசோதனை செய்தார். ஒருவர் கைவிட்டால் மற்றவராலும் தொடர முடியாது என்ற ஏற்பாட்டில் பளுவைச் சேர்ந்து தூக்கச் சொன்னபோது, இருவரில் பலம் குறைந்தவர், தனியே தூக்கியதைக் காட்டிலும் அதிக நேரம் தாக்குப்பிடித்தார் என்று அவர் கண்டார். ஆக்ஸ்போர்டில் ராபின் டன்பார் முதலிய ஆராய்ச்சியாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வு, இதற்குச் சரீரரீதியான சாட்சியம் ஒன்றைச் சேர்த்தது. துடுப்பு வலிக்கும் யந்திரத்தில் தனித்தனியே உழைத்த வீரர்களைக் காட்டிலும், ஒரே லயத்தில் சேர்ந்து உழைத்தபோது அதே வீரர்கள் வலியை அதிகம் தாங்கினார்கள். உழைப்பின் அளவோ இரு சந்தர்ப்பங்களிலும் ஏறக்குறைய ஒன்றே. உடல் தானே சுரந்துகொள்ளும் எண்டார்ஃபின் என்ற வலிநிவாரணி, லயம் கூடும்போது அதிகமாகச் சுரக்கிறது என்பது அவர்கள் ஊகம். ஆகவே, பக்கத்தில் நிற்பவர் நமக்குப் பொறுமையைக் கடனாகத் தருகிறார் என்று சொல்வதை வெறும் அலங்காரமாக எண்ணிவிட வேண்டியதில்லை.

முடிவில்லா ஆட்டமும் முடியும் ஆட்டமும்

வீடியோ விளையாட்டை 'முடிப்பது' என்பது அந்தக் கலையோடு கூடவே பிறந்த எண்ணம் அன்று. 1978-இல் வந்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' ஆட்டத்தில், எத்தனை அலைகளை அழித்தாலும் அடுத்த அலை இறங்கிக்கொண்டே இருக்கும். 1980-இல் வந்த 'பேக்-மேன்' ஆட்டத்திலும் ஆக்கியோர் ஒரு முடிவை உத்தேசிக்கவில்லை. 256-ஆம் சுற்றில் யந்திரத்தின் எண்ணிக்கை நிரம்பி வழிந்து, திரையின் பாதி சிதைந்து போவதனால் மட்டுமே அது நின்றது. காசு போட்டு ஆடும் கடைகளில் ஆடுபவரின் தோல்வியே வருமானம் என்றிருந்த காலம் அது. ஆட்டம் வீட்டுக்குள் குடிபுகுந்த பிறகே நிலைமை மாறிற்று. 1986-இல் ஜப்பானில் வெளியான 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா', ஆடியது வரையில் பதிந்துவைத்து, மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதியைக் கொண்டுவந்தது. இன்றைய சிறுவர் சிறுமியர் 'சேவ்' என்று சாதாரணமாகச் சொல்லும் அந்த ஏற்பாடு, நேற்றைய உழைப்பு வீணாகாது என்ற உறுதியை ஆடுபவருக்கு அளித்தது. அந்த உறுதி இல்லாமல் நீண்ட கதையும் இல்லை, அதை முடிக்கும் இன்பமும் இல்லை.

'செலஸ்ட்' அந்த உறுதியின் மிக அழகிய விளைச்சல்களுள் ஒன்று. மேடி தார்சன், நோயல் பெர்ரி என்ற இருவர் நான்கே நாட்களில் செய்து பார்த்த ஒரு சிறு மாதிரியிலிருந்து வளர்ந்து, 2018 ஜனவரியில் முழு விளையாட்டாக அது வெளிவந்தது. மேடலின் என்ற இளம்பெண் செலஸ்ட் மலையின் உச்சியை அடைய முயல்கிறாள், கதை இவ்வளவே. அவளால் குதிக்க முடியும், சுவரைப் பற்றிச் சிறிது நேரம் ஏற முடியும், அந்தரத்தில் ஒரே ஒருமுறை பாய முடியும். பாய்ந்த கணத்தில் அவளுடைய சிவந்த கூந்தல் நீலமாகி, கால் தரையைத் தொட்டதும் மறுபடி சிவக்கும். முட்கள் மீது பட்டால் மரணம். ஆனால் மறுகணமே அதே திரையின் தொடக்கத்தில் அவள் நின்றுகொண்டிருப்பாள். நிந்தனையும் இல்லை, தண்டனையும் இல்லை. மலை முழுவதும் இவ்வாறு திரை திரையாக வகுக்கப்பட்டிருப்பதால், ஆடுபவர் எதிரே எப்போதும் இருப்பது மலையின் ஒரு சிறு துண்டு மட்டுமே. அத்தனை மரணங்களையும் ஆட்டம் கணக்கெடுத்து வைக்கிறது. வழியில் காட்டும் ஒரு தபால் அட்டையோ, அந்த எண்ணிக்கை பெருகப் பெருகக் கற்றது பெருகிற்று என்று பொருள்பட, அதற்காகப் பெருமைப்படச் சொல்கிறது.

இதைக் காட்டிலும் என் உள்ளத்தைத் தொட்டது, கண்ணுக்குத் தெரியாமல் அதில் ஒளிந்துகிடக்கும் உபகாரங்கள். பாறையின் விளிம்பைத் தாண்டிக் கால் வெளியே போன பிறகும், மிகச் சிறு கணம், குதிக்கும் உரிமை ஆடுபவருக்கு மிச்சமிருக்கிறது. தரையைத் தொடுவதற்கு ஒரு கணம் முன்னதாகப் பொத்தானை அழுத்திவிட்டாலும், தொட்டவுடன் குதிக்கும்படி அது நினைவில் வைத்துக்கொள்ளப்படுகிறது. தலை ஒரு மூலையில் லேசாக இடித்தால், ஆட்டமே அவளைச் சற்று நகர்த்தி வழி விடுகிறது. இவற்றையெல்லாம் தார்சன் பிற்காலத்தில் பகிரங்கமாக விளக்கியிருக்கிறார். அதற்கும் மேலாக, 'அசிஸ்ட் மோட்' என்ற பகுதியில் ஆட்டத்தின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம்; அலுப்பே இல்லாமல் சுவரைப் பற்றிக்கொண்டிருக்கலாம்; வேண்டுமானால் மரணமே நேராதபடியும் செய்துகொள்ளலாம். கைவிரல்கள் பிறரைப் போல் இயங்காதவர்களும் சிகரத்தைக் காண வேண்டும் என்ற எண்ணம் இதில் பிரத்தியட்சமாகத் தெரிகிறது. முட்டி வலிக்காரர்களுக்கு எங்கள் மாஸ்டர் பொதுவில் சொல்லும் மாற்று முறையும் இதுவும் ஒரே உள்ளத்தில் பிறந்தவை.

கதையும் அந்த உள்ளத்தையே பேசுகிறது. நடுவழியில், அந்தரத்தில் செல்லும் கம்பிவண்டி நின்றுபோக, மேடலினைப் பீதி கவ்விக்கொள்கிறது. உடன் வந்த தியோ என்ற நண்பன், ஓர் இறகைக் கற்பனை செய்து, மூச்சை நிதானமாக இழுத்துவிட்டு அதை மிதக்கவைக்கும்படி சொல்கிறான். ஆடுபவரும் பொத்தானை அழுத்தியும் விடுவித்தும் அவளோடு மூச்சு விட வேண்டும். மலை அவளிடமிருந்து பிரித்துக் காட்டும் அவளது மறுபாதி, அவளுடைய பயங்களெல்லாம் உருவெடுத்தது போல, அவளை ஏளனம் செய்து தடுத்து, ஒரு கட்டத்தில் பாதாளத்துக்கே தள்ளிவிடுகிறது. அதை வென்று ஒழிப்பதில் அவளுக்கு விடிவு கிடைப்பதில்லை. அதனோடு சமாதானமாகிக் கைகோத்த பிறகே கிடைக்கிறது. அது முதல் அவளால் அந்தரத்தில் இருமுறை பாய முடிகிறது. கடைசி அத்தியாயத்தில், முன்பு தனித்தனியே கற்ற வித்தைகள் அனைத்தும் ஒன்றாக வந்து சோதிக்க, அவற்றைக் கடந்து உச்சியில் நின்றபோது நான் அடைந்த ஆனந்தம், விளையாட்டுத்தானே என்று தள்ளிவிடக்கூடியது அன்று.

எஞ்சி நிற்பது

இரண்டுக்கும் உள்ள பெரிய பேதத்தையும் சொல்லாமல் விடலாகாது. விளையாட்டு முடிகிறது, முடித்தது முடித்ததாகவே நிற்கிறது. தேகமோ ஒருநாளும் முடிந்துவிடுவதில்லை. சில வாரங்கள் விட்டுவிட்டால் ஈட்டிய பலம் மெல்ல நழுவிப் போகிறது. ஒன்று பூர்த்தியின் ருசியை அறிவிக்கிறது. மற்றொன்று மீண்டும் தொடங்கும் பணிவைப் பழக்குகிறது. பூர்த்தியை ஒருமுறையேனும் ருசித்தவனுக்கு, என்றும் பூர்த்தியாகாத காரியத்திலும் அன்றைய பங்கை முடித்துவிட்டோம் என்ற திருப்தி சாத்தியமாகிறது என்பது என் சொந்த அனுபவம்.

பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் வரை மிதமான உடலுழைப்பு செய்ய வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. சிறிதளவு அசைவும் ஒன்றுமில்லாததைவிட மேல் என்றும் அதே வழிகாட்டி சேர்த்துச் சொல்கிறது. முதல் வாக்கியம் எல்லாருக்கும் தெரிந்திருக்க, இரண்டாவதை எடுத்துச் சொல்வார் அரிதாக இருப்பது நம் துரதிருஷ்டம். நோயாளியிடம் தினமும் நடங்கள் என்று எழுதிக் கொடுக்கும் வைத்தியரும், கணக்குப் புத்தகத்தை முழுசாக மேஜைமேல் வைக்கும் ஆசிரியரும், பிள்ளையிடம் பரீட்சையைப் பற்றிப் பேசும் பெற்றோரும் பெரும்பாலும் மலையின் முழு உயரத்தைத்தான் காட்டுகிறார்கள். ஒருவர் பாதியில் நின்றுவிட்டால் அவருடைய சோம்பலையும் மனவுறுதியின் குறைவையும் பழிப்பது நமக்கு எளிதாக இருக்கிறது. ஜப்பானிய வானொலிக்காரர்களும், கண்ணாடியிலிருந்து மாணவியரைத் திருப்பிய நடன ஆசிரியையும், விளிம்பைத் தாண்டியவளுக்கும் ஒரு கணம் கடன் கொடுத்த விளையாட்டு ஆக்கியோரும் அந்தப் பழியை மற்றவர்மேல் சுமத்தாமல், தங்கள் ஏற்பாட்டையே திருத்தினார்கள். கடினமான எதையேனும் பிறருக்குக் கற்பிக்கும் பொறுப்பில் இருக்கும் ஒவ்வொருவரும், முடியாமல் நின்றவரைக் கேள்வி கேட்கும் முன், நாம் கொடுத்த முதற்பங்கு அவர் கைக்கு அடங்குவதாக இருந்ததா என்று தம்மையே கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறார்கள்.