அம்பாப் பாட்டை ஏஐயிடம் கேட்கும் விதம்

பண்ணைப் பாலத்தால் யாழ்ப்பாணத்தை விட்டுத் தீவகத்துக்குப் போனால் முதலில் வருவது மண்டைதீவு. அந்த ஊருக்கு ஒரு பாட்டு வேண்டும், அதுவும் மீனவர் பாடும் அம்பா மாதிரி வேண்டும் என்று ஒரு பெடியன் நினைக்கிறான் என்று வையுங்கள். பாட்டுச் செய்து தரும் ஏஐ செயலிகளான சூனோவையோ யூடியோவையோ திறந்து, 'மண்டைதீவு பற்றி அழகான தமிழ்ப் பாட்டு' என்று எழுதுகிறான். கொஞ்ச நேரத்தில் பாட்டு வந்துவிடும். பெரும்பாலும் அது சினிமா டூயட்டுக்குக் கிட்டவாக இருக்கும். அம்பாவின் வாசமே இராது.

கல்யாண வீட்டில் மேளக்காரரிடம் 'நல்லதா ஒண்டு வாசியுங்கோ' என்றால் போதும். நேரத்தையும் சடங்கையும் பார்த்து அவரே எடுத்துக்கொள்வார். ஏஐக்கு அந்த இங்கிதம் கிடையாது. நீங்கள் சொல்லாமல் விட்டதை எல்லாம், தான் அதிகம் கேட்டதைக் கொண்டு நிரப்பிவிடும்.

அது எதைக் கேட்டுப் பழகியது? மெட்டா நிறுவனம் 2023 யூனில் வெளியிட்ட மியூசிக்ஜென் என்ற இசை ஏஐயின் உள்வேலை எல்லாரும் பார்க்கக்கூடியது. அது ஒலியைச் செக்கனுக்கு 50 துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் நான்கு எண்களாக்கி வைக்கிறது. சுமார் 20,000 மணித்தியால இசையை அதற்குரிய விவரிப்புகளோடு படித்து, இந்த விவரிப்புக்கு அடுத்த துண்டு எதுவாக இருக்கும் என்று ஊகிக்கப் பழகியது. அந்த விவரிப்புகள் எப்படிப்பட்டவை என்பதற்கு, அதே ஆண்டில் கூகுள் வெளியிட்ட மியூசிக்கேப்ஸ் தொகுப்பு நல்ல உதாரணம். 10 செக்கன் ஒலித்துணுக்குகள் 5,521. ஒவ்வொன்றுக்கும் இசைக்கலைஞர்கள் எழுதிய ஆங்கில விளக்கம். என்ன வாத்தியம், என்ன வேகம், ஆண்குரலா பெண்குரலா, ஒலிப்பதிவு தெளிவா இரைச்சலா என்று காதில் விழுந்ததையே எழுதியிருப்பார்கள். நாமும் அப்படித்தான் எழுத வேண்டும்.

ஆகவே அம்பா என்ற பெயரை விட்டுவிட்டு, அது எப்படிக் கேட்கும் என்று யோசியுங்கள். கரைவலை இழுக்கிற போது பாடுவது அது. ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ஒன்றாகத் திருப்பிச் சொல்வார்கள். இழுவை எங்கே விழுகிறதோ அங்கே தாளம் விழும். வாத்தியம் கிடையாது. அப்படியென்றால் ஏஐக்கு எழுதும் கட்டளை இப்படி இருக்கலாம்: 'வாத்தியமில்லாத மீனவர் வேலைப் பாட்டு, முதிர்ந்த ஆண்குரல் ஒன்று முன்னால் பாட, முரட்டு ஆண்குரல்கள் கூட்டமாகப் பதில் சொல்ல வேண்டும், நிமிடத்துக்கு 70 தட்டு, வெட்டவெளியில் பதிந்த ஒலி, பின்னால் அலையும் காற்றும்.' இதைச் செயலியில் பாணிக்கென உள்ள பெட்டியில் ஆங்கிலத்தில் எழுதினால் கூடுதலாகப் பிடிபடும். 'டிரம் வேண்டாம்' என்று எழுதினால் டிரம் என்ற சொல்லையே பிடித்துக்கொண்டு அடித்துத் தள்ளுவதும் உண்டு. விலக்க வேண்டியதற்குத் தனிப் பெட்டி இருந்தால் அதில் போடுங்கள்.

பாட்டு வரிகளுக்கு உள்ள பெட்டியில் தமிழிலேயே எழுதலாம். வரி சிறிதாக இருக்கட்டும். நீளமான புணர்ச்சிகளைப் பிரித்து எழுதுங்கள், இல்லாவிட்டால் சொல்லை நடுவில் முறித்துப் பாடும். பல்லவி, சரணம் என்ற பிரிவுகளைச் சதுர அடைப்பில் குறிக்கலாம். பின்பாட்டுக்காரரின் பதிலை வளைந்த அடைப்பில் போட்டால் சூனோ பெரும்பாலும் வேறு குரலில் பாடும். ழகரம் வழுக்கும். அது நம்மிலும் பலருக்கு வழுக்குகிறதுதானே! திருத்தும்போது ஒரே தடவையில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். வேகத்தை மட்டும் மாற்றிக் கேளுங்கள், பிறகு குரலை. எந்தச் சொல் என்ன செய்தது என்று அப்போதுதான் பிடிபடும்.

இவ்வளவு மினக்கெட்டாலும் வருவது அம்பாவின் சாயல்தான். வலையின் பாரத்தால் மூச்சு வாங்கும் இடம் ஏஐக்குத் தெரியாது. வேறு சிக்கலும் இருக்கிறது: அனுமதியில்லாமல் பாடல்களை ஏஐக்குப் படிக்கக் கொடுத்தார்கள் என்று பெரிய இசை நிறுவனங்கள் 2024 யூனில் சூனோ மீதும் யூடியோ மீதும் அமெரிக்காவில் வழக்குப் போட்டன. இப்படிச் செய்த பாட்டை யூரியூப்பில் ஏற்றினால், ஏஐ பாடியது என்று கீழே எழுதிவிடுங்கள். அம்பா பாடத் தெரிந்த பெரியவர் யாராவது உங்கள் பக்கத்தில் இருந்தால், கட்டளை எழுத முன்னர் அவரைக் கேட்டு, அவர் விரும்பினால் ஒலிப்பதிவும் செய்து வையுங்கள்.