எலும்புகளுக்கு ஓர் இல்லம்



கல்லறைத் திருநாளையொட்டி நாம் அடிக்கடி கேட்கும் வாசகங்களுள் ஒன்று மக்கபேயர் இரண்டாம் நூலின் 12-ஆம் அதிகாரம். போர் முடிந்தபின் யூதா மக்கபேயும் அவருடைய வீரர்களும் மடிந்தோரின் உடல்களை எடுத்து அடக்கம் செய்யப் போர்க்களத்துக்குத் திரும்பிச் செல்கிறார்கள். அங்கே அவர்களுக்கு ஓர் அதிர்ச்சி காத்திருக்கிறது. இறந்துகிடந்த ஒவ்வொருவரின் ஆடைக்குள்ளும் வேற்றுத் தெய்வங்களின் அடையாளப் பொருள்கள்! திருச்சட்டம் தடைசெய்தவை. இருந்தும் யூதா அவர்களைக் கைவிடவில்லை. ஏறக்குறைய 2,000 வெள்ளிக் காசுகள் திரட்டி, அவர்களுடைய பாவத்துக்காகப் பலி ஒப்புக்கொடுக்க எருசலேமுக்கு அனுப்பிவைக்கிறார்.

இந்தப் பகுதியை வைத்து உத்தரிக்கிற ஆன்மாக்களைப்பற்றி நாங்கள் மறையுரை ஆற்றுவது வழக்கம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் செய்திருக்கிறேன். ஆனால் அந்தப் பகுதியின் தொடக்கத்தை நாம் வேகமாகக் கடந்துவிடுகிறோம். போர் முடிந்தபின் களத்துக்குத் திரும்பிப் போவது அவ்வளவு எளிதா? வெற்றி பெற்றவர்கள்கூட அங்கே திரும்பிப் போக விரும்புவதில்லை. அப்படித் திரும்பிப் போன ஆயர் ஒருவரையும், அவர் கட்டிய நினைவாலயத்தையும்பற்றி இங்கே எழுதுகிறேன்.

பிரான்ஸ் நாட்டின் வடகிழக்கில் வெர்டன் என்றொரு பழமையான நகரம் உள்ளது. அது ஒரு மறைமாவட்டத்தின் தலைமை இடமும்கூட. முதல் உலகப் போரில் 1916 பிப்ரவரி 21 அன்று ஜெர்மன் படை இந்நகரை நோக்கித் தாக்குதலைத் தொடங்கியது. டிசம்பர் 18 வரை, ஏறக்குறைய பத்து மாதங்கள் சண்டை நீடித்தது. இரு தரப்பிலும் சேர்த்து ஏறக்குறைய 3 லட்சம் பேர் இறந்தார்கள் அல்லது காணாமற்போனார்கள். இவ்வளவுக்கும் பிறகு போர்முனைக் கோடு தொடங்கிய இடத்துக்கு அருகிலேயே வந்து நின்றது.

இப்போரில் பெரும்பாலோர் பீரங்கிக் குண்டுகளால் இறந்தவர்கள். ஓர் இடத்தில் புதைக்கப்பட்ட உடலை அடுத்த நாள் விழுந்த குண்டு வெளியே தூக்கி எறிந்தது. அதற்கடுத்த நாள் விழுந்தது மறுபடி மண்ணால் மூடியது. இப்படி மாதக்கணக்கில் நடந்தது. ஃப்ளூரி என்ற சிற்றூர் மட்டும் 1916 ஜூன் முதல் ஆகஸ்டு வரை 16 முறை கைமாறியதாகச் சொல்வார்கள். கடைசியில் எது வீடு, எது தெரு, எது கோயில் என்று சொல்ல முடியாதபடி வெறும் குழிகளே எஞ்சின. எனவே போர் முடிந்தபோது அங்கே கிடந்தவற்றை உடல்கள் என்று சொல்வதற்கில்லை. எலும்புகள், அதுவும் துண்டுகள். பெயர் இல்லை. இது பிரெஞ்சுக்காரனுடையது, இது ஜெர்மானியனுடையது என்று பிரித்துச் சொல்லவும் வழியில்லை. எசேக்கியேல் இறைவாக்கினர் கண்ட எலும்புப் பள்ளத்தாக்கை நாம் காட்சியாகப் படிக்கிறோம். வெர்டன் மக்கள் அதன்மேல் நடந்தார்கள்.

1914-இல் வெர்டனின் ஆயரானவர் சார்லஸ் ஜினிஸ்தி. அவர் ஆயரான அதே ஆண்டில்தான் போரும் தொடங்கியது. போர் முடிந்தபின் நாட்டின் பல மூலைகளிலிருந்தும் தாய்மாரும் மனைவியரும் இங்கே வரத் தொடங்கினார்கள். மகன் இங்கே இறந்தான் என்று அரசின் தாள் சொல்கிறது. ஆனால் எங்கே போய் அழுவது? ஒரு பூ வைக்க, ஒரு மெழுகுதிரி ஏற்ற, ஓர் அடி இடம் இல்லை. கல்லறை இல்லாத சாவு எத்தகைய வேதனை என்பதைக் கடலில் கணவரையோ மகனையோ இழந்த குடும்பங்களைச் சந்தித்திருக்கும் எந்தப் பங்குத்தந்தையும் அறிவார். செபம் சொல்லலாம், திருப்பலி ஒப்புக்கொடுக்கலாம். ஆனாலும் அந்தத் தாயின் கண்கள் வெறும் இடத்தையே தேடும்.

ஆயர் ஜினிஸ்தி முதலில் துவோமோன் என்ற இடத்தின் அருகே மரத்தால் ஆன ஒரு தற்காலிகக் கொட்டகை அமைத்தார். களத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, எந்தப் பகுதியில் எடுக்கப்பட்ட எலும்போ அதை அந்தப் பகுதிக்கு உரிய பெட்டியில் வைக்க ஏற்பாடாயிற்று. இது சிறிய காரியம்போலத் தோன்றும். ஆனால் “என் மகன் இன்ன காட்டருகே விழுந்தான்” என்று மட்டும் அறிந்திருந்த ஒரு தாய், அந்தப் பகுதியின் பெட்டி முன்னால் மண்டியிடலாம் அல்லவா? ‘அவன் இதற்குள் இருக்கக்கூடும்’ என்ற அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இவ்வளவு பாடும். நினைவுச்சின்னம் எழுப்புவதன் மேய்ப்புப்பணி சார்ந்த பொருளை இந்தப் பெட்டிகளைவிடத் தெளிவாக விளக்கும் வேறொன்றை நான் அறியேன்.

பிறகு நிலையான கட்டடத்துக்காக ஆயர் நிதி திரட்டினார். இது அரசு கட்டிக் கொடுத்த மாளிகை அன்று. நகரங்களும் குடும்பங்களும் தனிநபர்களும் கொடுத்த நன்கொடையால் எழுந்தது. உதவிய நகரங்களின் சின்னங்கள் சுவரில் பதிக்கப்பட்டன. காணாமற்போனவர்களின் பெயர்களைக் குடும்பத்தார் நன்கொடை அளித்து உள்ளே வளைவுக் கூரையின் கற்களில் பொறிக்கச் செய்தார்கள். 2 டன்னுக்கும் அதிக எடையுள்ள மணியை 1927-இல் அமெரிக்கப் பெண்மணி ஒருவர் வழங்கினார். 1920 ஆகஸ்டில் மார்ஷல் பெத்தேன் அடிக்கல் நாட்டினார். 1927 செப்டம்பரில் எலும்புகள் புதிய இல்லத்துக்கு மாற்றப்பட்டன. 1932 ஆகஸ்டு 7 அன்று குடியரசுத் தலைவர் ஆல்பர்ட் லெப்ரன் திறந்துவைத்தார். தொடங்கி முடிக்கப் பன்னிரண்டு ஆண்டுகள்.

(அடிக்கல் நாட்டிய பெத்தேனின் கதை தனி. வெர்டனின் வீரர் என்று புகழப்பட்ட அவர், இரண்டாம் உலகப் போரில் நாசி ஜெர்மனியோடு ஒத்துழைத்ததற்காக 1945-இல் தண்டிக்கப்பட்டார். தம் படைவீரர்களோடு துவோமோனில் அடக்கம் செய்யப்பட வேண்டும் என்பது அவருடைய ஆசை. அது நிறைவேறவில்லை.)

கட்டடத்தைச் சற்றுப் பார்ப்போம். 137 மீட்டர் நீளமுள்ள ஒரு மண்டபம். நடுவில் 46 மீட்டர் உயரக் கோபுரம். அதன் உச்சியில் இரவில் சுழலும் விளக்கு ஒன்று களத்தின்மேல் ஒளி வீசுகிறது. மண்டபத்தில் வரிசையாகக் கல்லறைப் பேழைகள்; ஒவ்வொன்றும் களத்தின் ஒரு பகுதிக்கு உரியது. அந்தப் பெட்டிகளின் ஒழுங்கு இங்கேயும் தொடர்கிறது. கீழே நிலவறைகளில் ஏறக்குறைய 1,30,000 வீரர்களின் எலும்புகள் உள்ளன. வெளியே தரைமட்டத்தில் உள்ள சிறு சன்னல்கள் வழியாகக் குனிந்து அவற்றைப் பார்க்கலாம். ஒரு சிற்றாலயமும் உண்டு. அதன் வண்ணக் கண்ணாடிச் சன்னல்களை வடிவமைத்த ஓவியர் ஜார்ஜ் தேவாலியேர், தம் மகனை அதே போரில் இழந்தவர்.

இந்த 1,30,000 பேரில் பிரெஞ்சுக்காரர்களும் ஜெர்மானியர்களும் கலந்தே கிடக்கிறார்கள். பகைவரையும் சேர்த்து அடக்கம் செய்வோம் என்று யாரோ உயர்ந்த உள்ளத்தோடு முடிவெடுத்ததால் மட்டும் இது நேரவில்லை. பிரிக்க முடியாததால் நேர்ந்தது. ஆனால் மேலே, கூரைக் கற்களில், பிரெஞ்சுத் தரப்பின் பெயர்கள் மட்டுமே பல பத்தாண்டுகள் இருந்தன. நிலவறையில் ஒன்றாகக் கிடந்தவர்களைக் கல்வெட்டு பிரித்துவைத்தது! மகனை இழந்த ஒரு தாயிடம் 1932-இல் போய், அவனைக் கொன்றவனின் பெயரையும் அருகில் எழுதுவோம் என்று கேட்டிருக்க முடியுமா? முடியாது என்றுதான் நினைக்கிறேன். அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் குணமடையக் காலம் வேண்டும் என்று சொல்லிவிட்டு, அந்தக் காலத்தை முடிவே இல்லாமல் நீட்டிக்கொண்டு போவதும் நம்மிடம் உண்டு. நம் ஊர்க் கல்லறைத் தோட்டங்கள் சிலவற்றில் இறந்தவர்களுக்கு நடுவே நின்ற சுவர்கள் என் நினைவுக்கு வருகின்றன. அதைப்பற்றி வேறொரு முறை எழுத வேண்டும்.

துவோமோனுக்கு அருகிலேயே இன்னொரு நினைவுச்சின்னம் உண்டு. ‘துப்பாக்கி முனைக்கத்திகளின் பதுங்குகுழி’ என்று பெயர். மண்ணுக்கு மேலே வரிசையாக முனைக்கத்திகள் நீட்டிக்கொண்டிருந்ததைக் கண்டவர்கள், தாக்குதலுக்காக எழுந்து நின்ற வீரர்கள் அப்படியே நின்ற நிலையில் மண்மூடி இறந்தார்கள் என்று நம்பினார்கள். அமெரிக்க வங்கியாளர் ஒருவர் கொடுத்த பணத்தில் அதன்மேல் பெரிய காங்கிரீட் கட்டடம் எழுப்பி 1920 டிசம்பரில் திறந்துவைத்தார்கள். வரலாற்று அறிஞர்கள் பெரும்பாலும் இதை ஏற்பதில்லை. குழியில் இறந்தவர்களைப் புதைத்த இடத்துக்கு அடையாளமாகத் துப்பாக்கிகள் நடப்பட்டிருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. அந்த முனைக்கத்திகளும் காலப்போக்கில் திருடுபோயின. அங்கே இறந்தவர்கள் உண்மையானவர்கள். அவர்களுக்கு நாம் சேர்க்கும் வீரக் கதை தேவைப்படவில்லை. ஆயரின் கொட்டகையோ கதை எதுவும் சொல்லாமல், எலும்புகளைக் கண்டெடுத்த இடத்தின் பெயரை மட்டும் காத்தது. இரண்டில் எது நிலைத்த பணி என்பதில் எனக்கு ஐயமில்லை.

1984 செப்டம்பர் 22 அன்று பிரான்ஸ் குடியரசுத் தலைவர் பிரான்சுவா மித்தரானும் ஜெர்மன் பிரதமர் ஹெல்முட் கோலும் இந்த எலும்பு இல்லத்தின் முன் கைகோர்த்து நின்றார்கள். கோலின் தந்தை முதல் உலகப் போரில் வெர்டன் பகுதியில் போரிட்டவர். மித்தரான் 1940-இல் வெர்டன் அருகே காயமுற்று ஜெர்மானியரிடம் சிறைப்பட்டவர். நாட்டுப் பண் ஒலித்தபோது இரு பெரிய மனிதர்கள் சிறுபிள்ளைகள்போல் கைபிடித்து நின்ற அந்தப் படம் உலகெங்கும் பரவியது. ஆனால் கூரைக் கல்லில் முதல் ஜெர்மன் வீரரின் பெயர் பொறிக்கப்பட இன்னும் முப்பது ஆண்டுகள் ஆயின. அது நடந்தது 2014-இல். தலைவர்களின் கைகள் சேர்ந்த வேகத்தில் கல்லில் பெயர்கள் சேரவில்லை.

கட்டுவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் என்றேன். காப்பதற்கோ கணக்கே இல்லை. எலும்பு இல்லத்தை ஓர் அறக்கட்டளை பராமரிக்கிறது. அதன் முன்னால் 16,000-க்கும் மேற்பட்ட பிரெஞ்சு வீரர்களின் கல்லறைகள் அடங்கிய தேசியக் கல்லறைத் தோட்டம் அரசின் பொறுப்பு. அங்கே சிலுவைகளுக்கு அருகில், பிரான்சுக்காக மடிந்த இஸ்லாமிய வீரர்களின் கல்லறைகள் மெக்காவை நோக்கி அமைந்துள்ளன. யூத வீரர்களுக்கு 1938-இலும், இஸ்லாமிய வீரர்களுக்கு 2006-இலும் நினைவுச்சின்னங்கள் எழுப்பப்பட்டன. சுற்றியுள்ள களத்தில் போருக்குப் பின் காடு வளர்த்தார்கள். குண்டுகள் நிறைந்த அந்த மண்ணில் பயிர் செய்ய வழியில்லை. அந்தக் காடே இன்று குழிகளையும் பதுங்கு அகழிகளையும் ஏர் படாமல் காத்துவருகிறது. அழிந்த ஒன்பது ஊர்களில் ஃப்ளூரி உட்பட ஆறு ஊர்கள் திரும்பக் கட்டப்படவே இல்லை. ஆயினும் அவை அரசுப் பதிவிலிருந்து நீக்கப்படவில்லை. குடிமக்கள் இல்லாத ஊருக்கு இன்றும் மேயர் நியமிக்கப்படுகிறார்.

அந்த ஃப்ளூரியில், 2013 மே மாதம், 26 பிரெஞ்சு வீரர்களின் எலும்புகள் வெளிப்பட்டன. சிலருடைய உலோகப் பெயர்த்தகடுகள் உடன் இருந்தன. எழுத்தை வாசிக்க முடிந்தது. 97 ஆண்டுகளுக்குப் பின் அவர்கள் பெயர் சொல்லி அடக்கம் செய்யப்பட்டார்கள்.