திருகோணமலையும் ஏப்ரல் 5ம்

திருகோணமலையின் உப்புவெளியில், நிலாவெளி வீதியோரம், இரண்டாம் உலகப்போரில் மாண்ட பொதுநலவாயப் படையினரின் கல்லறைகள் இருக்கின்றன. துறைமுகத்தின் மறுபுறம் சீனன்குடாக் காட்டுக்குள் பிரித்தானியர் விட்டுப்போன 99 எண்ணெய்க் குதங்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 தொன் கொள்ளும். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானியர் குண்டு வீசியது இந்தத் துறைமுகத்தைக் குறிவைத்துத்தான். 1957இல் பண்டாரநாயக்க அரசு இங்கிருந்த பிரித்தானியக் கடற்படைத் தளத்தை மீட்டது. வல்லரசுகளின் கண் மட்டும் அகலவில்லை.

1971 ஏப்ரல் 5 அன்று, மக்கள் விடுதலை முன்னணி இளைஞர்கள் தென்னிலங்கையில் பொலிஸ் நிலையங்களைத் தாக்கினார்கள். தலைவர் ரோகண விஜேவீர அப்போது யாழ்ப்பாணச் சிறையில் இருந்தார். மொஸ்கோவின் லுமும்பா பல்கலைக்கழகத்தில் படித்துத் திரும்பி, பீக்கிங் சார்புக் கம்யூனிஸ்ட் தலைவர் நா. சண்முகதாசனின் கட்சியில் வேலை செய்து, பின் பிரிந்துபோனவர் அவர். கிளர்ச்சியில் பங்கில்லாத சண்முகதாசனையும் அரசு பிடித்துச் சிறையில் போட்டது.

அந்த ஏப்ரலில் நடந்த இன்னொன்று உலக வரலாற்றிலேயே அபூர்வம். ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த அமெரிக்கா, சோவியத் யூனியன், இந்தியா, பாகிஸ்தான் எல்லாம் பிரதமர் சிறிமாவோவின் அரசின் பக்கம் நின்றன. இந்தியக் கப்பல்கள் கரையைக் காவல் காத்தன. சோவியத் மிக் விமானங்கள் வந்தன. புரட்சியின் தாயகம் என்று இளைஞர்கள் நம்பிய சீனாவின் பிரதமர் சூ என்லாய் கிளர்ச்சியைக் கண்டித்துக் கடிதம் எழுதி, 15 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடனும் கொடுத்தார். சீனன்குடா விமானத் தளத்தில் ஒதுங்கிக் கிடந்த ஜெட் புரோவோஸ்ட் விமானங்கள் தூசு தட்டி எடுக்கப்பட்டுக் கிளர்ச்சியாளர்கள்மீது ஏவப்பட்டன. ஆயிரக்கணக்கான சிங்கள இளைஞர்கள் செத்தார்கள். அவர்களுக்காகப் பேச எந்தச் செஞ்சேனையும் வரவில்லை.

தமிழருக்கு இதில் வேறொரு வலியும் உண்டு. விஜேவீர தன் இயக்கத்தினருக்கு நடத்திய ஐந்து அரசியல் வகுப்புகளில் ஒன்று ‘இந்திய விஸ்தரிப்புவாதம்’ பற்றியது. தேயிலைத் தோட்டத்தில் முதுகொடியும் மலையகத் தொழிலாளியை அந்த விஸ்தரிப்பின் கருவியாகப் பார்த்த வகுப்பு அது. கூலிக்காரரைச் சந்தேகிக்கும் மார்க்சியம் எப்படி மார்க்சியமாகும்?

1987 ஜூலை 29 இந்திய-இலங்கை உடன்படிக்கையோடு ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜயவர்தனவும் பரிமாறிய கடிதங்களில் திருகோணமலை பெயர் சொல்லியே வருகிறது. இந்திய நலனுக்குக் கேடாக எந்த நாட்டின் படைத் தேவைக்கும் துறைமுகத்தைக் கொடுக்கக் கூடாது. எண்ணெய்க் குதங்களை இரு நாடுகளும் கூட்டாகச் சீரமைக்க வேண்டும். அந்த உடன்படிக்கையை எதிர்த்து முன்னணி மறுபடியும் ஆயுதம் எடுத்தது. 1989 நவம்பரில் விஜேவீர கொல்லப்பட்டார். 2006இல் அதே கட்சியினர் தொடுத்த வழக்கில்தான் இணைந்திருந்த வடக்கு கிழக்கு மாகாணம் பிரிக்கப்பட்டு, திருகோணமலை தனிக் கிழக்கு மாகாணத்துக்குள் வந்தது.

2022 ஜனவரியில் குதங்கள் பங்கிடப்பட்டன: இந்திய நிறுவனமான லங்கா ஐ.ஓ.சி.க்கு 14, இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, மிச்சம் 61 இரண்டின் கூட்டு நிறுவனத்துக்கு.

2025 ஏப்ரல் 5 அன்று, நரேந்திர மோடி கொழும்பில் இருக்கையில், திருகோணமலையை எரிசக்தி மையமாக்க இந்தியாவும் இலங்கையும் ஐக்கிய அரபு அமீரகமும் புரிந்துணர்வு உடன்படிக்கை செய்தன. இலங்கையின் ஜனாதிபதி, மக்கள் விடுதலை முன்னணித் தலைவர் அநுரகுமார திஸாநாயக்க. கிளர்ச்சி தொடங்கிய அதே தேதி. 54 ஆண்டுகள் கழிந்திருந்தன. விஸ்தரிப்புவாதப் பேச்சைக் கைவிட்டு அயல்நாட்டோடு உட்கார்ந்து பேசும் இடத்துக்கு அந்தக் கட்சி வந்தது நல்லதே.

ஆனால் 1957இலும் 1987இலும் 2025இலும் கையெழுத்திட்டவை தலைநகரங்கள்தான். குடாவில் வலை வீசுபவரும் குதங்களைச் சுற்றிக் குடியிருப்பவரும் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என மூன்று இனத்தவர். அடுத்த ஒப்பந்தம் எதுவானாலும், கையெழுத்துக்கு முன்பே அதன் முழு வாசகத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் இந்த மாவட்ட மக்கள் முன் வைக்க வேண்டும்.