திரைக் கறையின் முகவரி

கம்ப்யூட்டர் திரையில் பச்சையும் ஊதாவுமாகச் சின்னச் சின்னக் கட்டங்கள் சிதறத் தொடங்கினால், வீட்டில் முதலில் எழும் யோசனை விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடுவது. அடுத்து டிரைவர், அப்புறம் கேபிள், கடைசியில் ‘கார்டு போச்சு’ என்ற தீர்ப்பு. இத்தனைக்கும் நடுவே அந்தக் கறையை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை. என்ன வடிவம், என்ன இடைவெளி, எந்த வேளை என்று கவனித்தால் கோளாறு எங்கே இருக்கிறது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

சாதாரண ஃபுல் எச்டி திரையில் 20,73,600 புள்ளிகள். நொடிக்கு 60 முறை அவை புதிதாக நிரம்புகின்றன. அதாவது நொடிக்கு 12 கோடியே 44 லட்சம் புள்ளிகள். ஒவ்வொன்றின் நிறமும் கிராஃபிக்ஸ் கார்டின் மெமரியில் எண்ணாக எழுதப்பட்டு, பிறகு கேபிள் வழியே மானிட்டருக்குப் போகிறது. சிவப்பின் அளவு 0 முதல் 255 வரை. அந்த எண்ணின் கடைசி பிட் புரண்டால் நிறம் ஒரே ஒரு படி மாறும்; கண்ணுக்குத் தெரியாது. முதல் பிட் புரண்டால் 128 படி தாவி, இருட்டான சுவரில் ரத்தப் பொட்டு விழும். நிறத்துக்கான எண்ணை விட்டுவிட்டு, ஓர் உருவத்தின் மூலை எங்கே இருக்க வேண்டும் என்ற எண்ணில் பிழை வந்தால், கேமில் ஓடும் காரின் கதவிலிருந்து ஒரு கூரான முக்கோணம் வானம் வரை நீளும். அப்படி முள் முளைத்தால் கேபிளையும் மானிட்டரையும் சந்தேகிக்கவே வேண்டாம். முக்கோணங்களைக் கணக்கிடும் வேலை முழுக்கக் கார்டுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்த சோதனைக்குக் காசே செலவில்லை. கறை தெரியும்போது ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, அதை ஃபோனுக்கு அனுப்பிப் பார்ப்பது. ஸ்க்ரீன்ஷாட் என்பது மெமரியில் இருக்கும் படத்தின் நகல். நகலிலும் கறை இருந்தால், படம் உருவாகும்போதே பிழை நேர்ந்துவிட்டது. நகல் சுத்தமாக இருந்தால் பெரும்பாலும் மெமரிக்கு அப்பால், கேபிளிலோ மானிட்டரிலோ தேட வேண்டும். அதையும் பிரிக்கலாம்: மானிட்டரின் சொந்த பட்டனை அழுத்தி அதன் மெனுவை வரவழையுங்கள். கோடு மெனுவையும் வெட்டிக்கொண்டு போனால் பழுது மானிட்டரில். கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் வரும் முதல் லோகோவிலேயே கறை இருந்தால் விண்டோஸ் நிரபராதி. அது இன்னும் எழுந்திருக்கவே இல்லை.

ஒழுங்கான இடைவெளியில் வரும் கோடுகள்தான் இதில் எல்லாவற்றிலும் அழகான துப்பு. கார்டின் நடுவிலுள்ள பெரிய சிப்பைச் சுற்றிக் கறுப்புச் செவ்வகங்களாக மெமரி சிப்புகள் இருக்கும். எட்டு என்று வைத்துக்கொள்வோம். வேகத்துக்காக, படத்தின் அடுத்தடுத்த துண்டுகளை இவற்றுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறார்கள். கல்யாணப் பந்தியில் எட்டுப் பேர் இலைக்கு ஒருவராக மாற்றி மாற்றிப் பாயசம் ஊற்றுகிறார்கள். ஒருவர் வாளியில் மட்டும் சர்க்கரை இல்லை. வரிசை நெடுக ஒவ்வொரு எட்டாவது இலையிலும் முகம் சுளிக்கும். ஒரு மெமரி சிப் பழுதானாலும் அதேதான்: திரை முழுக்கச் சீரான கோடுகள் அல்லது சதுரங்கக் கட்டங்கள்.

இனி வெயில். 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி பதிவானது. அந்த அளவுக்குப் போகாத சாதாரணக் கோடையிலும் சைதாப்பேட்டையில் மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள அறை, மதியத்தில் கொதிக்கத்தான் செய்கிறது. கார்டின் ஃபேன் அந்த அறைக் காற்றைத்தான் இழுத்துக் குளிர்விக்க வேண்டும். ஃபேன் வேகம் மாறாமல், அறை 28-லிருந்து 38-க்கு ஏறினால், அதே வேலைக்குச் சிப்பின் சூடும் ஏறக்குறைய 10 டிகிரி ஏறும்.

சூட்டில் எல்லாம் விரியும். ஆனால் சமமாக விரியாது. 20 மில்லிமீட்டர் அகலச் சிலிக்கான் 50 டிகிரி சூடேறினால் சுமார் 2.6 மைக்ரான் நீளும். அது உட்கார்ந்திருக்கும் பலகை சுமார் 16 மைக்ரான் நீளும். வித்தியாசம் தலைமுடித் தடிமனில் ஐந்தில் ஒரு பங்குதான். ஆனால் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட நுண்ணிய சால்டர் மணிகள், ஆன் செய்து ஆஃப் செய்யும் ஒவ்வொரு முறையும் இழுபட்டுச் சுருங்குகின்றன. ஆண்டுக்கணக்கில் இது நடந்தால் மயிரிழைப் பிளவு விழும். காலையில் நன்றாக ஓடி, மதியம் மூன்று மணிக்குக் கறை காட்டும் கம்ப்யூட்டரில் இந்தப் பிளவும் ஒரு சந்தேகம். பிளவு சூட்டில் திறக்கும், குளிரில் ஒட்டிக்கொள்ளும், சிலவற்றில் தலைகீழ்.

உலகின் பெரிய நிறுவனங்களே இதில் அடி வாங்கியிருக்கின்றன. சில லேப்டாப் சிப்புகளில் பயன்படுத்திய பொருள் பலவீனமாக இருந்ததால், பழுதுகளை ஈடுகட்ட 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக என்விடியா 2008 ஜூலையில் அறிவித்தது.

பிளவு விழுந்த கார்டை அடுப்பு அவனில் வைத்துச் சுட்டால் பிழைத்துவிடும் என்று ஒரு நம்பிக்கை உலகம் முழுக்கப் பரவியது. பிழைக்கவும் செய்தது, சில நாட்களுக்கு. ஈயம் கலக்காத இன்றைய சால்டர் சுமார் 217 டிகிரியில்தான் உருகும். பலர் வைத்த சூடு 200 டிகிரிதான். எதுவும் உருகவில்லை, விரிந்து சுருங்கியதில் பிளவின் இரு விளிம்புகள் தற்செயலாகத் தொட்டுக்கொண்டன, அவ்வளவே. சமைக்கும் அவனில் இதைச் செய்வது சாப்பாட்டில் நச்சைக் கலப்பது போல ஆபத்தானது. ‘ஹீட் கொடுத்துப் பார்க்கலாம்’ என்று எந்தக் கடைக்காரர் சொன்னாலும், எத்தனை நாள் தாங்கும் என்று கேளுங்கள்.

எல்லாக் கறையும் இவ்வளவு ஆழமானதல்ல. கார்டின் விளிம்பில் தூசியும் ஈரமும் படிந்த தங்கமுலாம் பற்களை, ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் திரும்பச் செருகும் பழைய வழக்கம் பலமுறை வேலை செய்கிறது. கார்டைச் செருகும் ஸ்லாட் 75 வாட்தான் தரும். அதற்கு மேல் தேவைப்படும் கார்டுக்குத் தனி ஒயர் வர வேண்டும். மலிவான பவர் சப்ளை அந்தச் சுமையில் தடுமாறினாலும் கேம் நடுவில் கறை வரும். 2015 டிசம்பரில் அடையாறு சைதாப்பேட்டைக்குள் புகுந்ததுபோல வெள்ளம் நனைத்துக் காய்ந்த போர்டு என்றால், உப்பு அதில் தங்கியிருக்கும். காற்றில் ஈரம் ஏறும் நாட்களில் மின்சாரம் வழி தவறிக் கசியும்.

மெமரி சிப் ஒன்றுதான் பழுது என்றால், சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் சிப் லெவல் வேலை செய்பவரிடம் எடுத்துப் போகலாம். மெமரி சோதனை நிரல் எந்தச் சிப்பில் பிழை என்பதைக் காட்டிவிடும். ஹாட் ஏரில் அதை மட்டும் எடுத்து, அதே ரகச் சிப்பை வைத்து ஒட்டுவார்கள். நடுச்சிப்பின் உள்மணிகள் பிளந்திருந்தால் அந்தச் சிப்பையே மாற்ற வேண்டும். பழைய கார்டுக்கு அந்தச் செலவு கட்டாது.